சுவத்துக்குள்ள போற காசு: வீட்டு வயரிங் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதம் பூரா வயரிங் பத்திதான். "எவ்ளோ ஆகும்"னு ஒரே வரியில கேட்டவங்களுக்கு என்னால ஒரே வரியில பதில் சொல்ல முடியாது, முதல் கேள்விக்கான பதிலையே உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கழிச்சுக்கோங்க. நான் போடுற விலையெல்லாம் தோராயம்தான், செம்பு விலை ஏறுனா வயர் விலை மறுவாரமே ஏறும், கூலி ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): எங்க வீடு 1984ல மாமனார் கட்டுனது. தளம் போட்ட வீடு, 900 சதுர அடி. அப்போ போட்ட வயரிங்தான் இன்னும் ஓடிட்டிருக்கு. மாத்தலாம்னு கேட்டா ஒருத்தர் 78,000ங்கறாரு, இன்னொருத்தர் 1,65,000ங்கறாரு. எது நியாயம்? முழுசா மாத்தியே ஆகணுமா, கெட்ட எடத்த மட்டும் மாத்துனா போதாதா?

பதில்: ரெண்டும் நியாயமா இருக்கலாம், ரெண்டும் ஏமாத்து வேலையாவும் இருக்கலாம்ங்க மேடம். ரெண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னாங்களான்னு உங்களுக்கே தெரியாதே, அதுதான் முதல் பிரச்சனை. பேப்பர்ல எழுதி வாங்காத கொட்டேஷன் கொட்டேஷனே இல்ல.

முதல்ல முழுசா மாத்தணுமாங்கறத பார்ப்போம். 84ல கட்டுன வீட்டுல என்ன இருந்திருக்கும்? நாலு குண்டு பல்பு, ரெண்டு மூணு ஃபேன், ஒரு மிக்ஸி, வசதி இருந்தா ஒரு டிவி. அதுக்கு தகுந்த மாதிரி 3/22, 1/18னு கேஜ் கணக்குல வயர் இழுத்திருப்பாங்க, அதுலயும் நிறைய வீட்டுல அலுமினிய வயர்தான். இன்னிக்கு அதே வயர்ல ஒன்றரை டன் ஏசி ஓடுனா அதுவே ஏழு எட்டு ஆம்ப்ஸ் இழுக்கும், 2000 வாட்ஸ் கீசர் ஒம்போது ஆம்ப்ஸ் கிட்ட, இண்டக்‌ஷன் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. வயர் கெட்டுப்போனதாலதான் மாத்தணும்னு இல்லங்க, நல்லா இருக்குற வயரும் இந்த லோடுக்கு பத்தாது. இதுல பாதி பாயிண்டுக்கு (லைட்டு, ஃபேன், பிளக் மாட்டுற ஒவ்வொரு எடமும் ஒரு பாயிண்ட்) எர்த் வயரே வந்திருக்காது, ரெண்டு ஓட்டை பிளக்கா இருக்கும்.

ஒரு நல்ல எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மெயின ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு போர்ட கழட்டி காட்டச் சொல்லுங்க. வயர லேசா வளைச்சா மேல்தோல் உடைஞ்சு உதிருதா, சுவிட்சுக்கு பின்னாடி கருகுன மாதிரி பழுப்பா இருக்கா, அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருக்கா, இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். அலுமினியமும் செம்பும் சேர்ற எடம் நாளாக நாளாக லூஸ் ஆகும், லூஸ் ஆனா சூடாகும், சூடானா இன்னும் லூஸ் ஆகும், தீப்பிடிக்கிறது பெரும்பாலும் இந்த மாதிரி எடத்துலதான். அப்புறம் 500 வோல்ட் மெக்கர், அதாவது மேல்தோல் வழியா கரன்ட் கசியுதான்னு பாக்குற மீட்டர் வச்சு இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்க, ஒரு மெகா ஓம்க்கு கீழ வந்தா யோசிக்கவே வேணாம், மாத்திடுங்க. மெக்கர்னா என்னன்னு அவரு உங்கள திருப்பிக் கேட்டாருன்னா ஆள மாத்துங்க.

இப்போ காசு. ஹால், ரெண்டு ரூம், கிச்சன், ரெண்டு பாத்ரூம், வாசல், மாடிப்படின்னு எண்ணுனா உங்க வீட்டுக்கு பெரிய பிளக், ஏசி, மோட்டார் எல்லாம் சேர்த்து அறுபது பாயிண்ட் வரும்னு வச்சுக்குவோம். வயர் 90 மீட்டர் காயில் கணக்குல, லைட்டு ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். ஆறு காயில், பவர் பிளக்குக்கு 2.5 நாலு காயில், ஏசி கீசருக்கு 4 ஒரு காயில், எர்த்துக்கும் சில்லறைக்கும் 1 எம்.எம். மூணு காயில், எல்லாம் சேர்த்து ஒரு 40,000. சுவிட்ச், பிளேட்டு, பிளக் எல்லாம் நடுத்தர மாடல்ல 20,000. எல்லா லைனும் பிரியுற டிபி பாக்ஸ், லோடு கூடுனா கட் பண்ற எம்.சி.பி., கரன்ட் கசிஞ்சா கட் பண்ற ஆர்.சி.சி.பி. எல்லாம் 10,000. பைப்பு, பெட்டி, பெண்டு 7,000. எர்த் குழி ஒண்ணு புதுசா தோண்ட 6,000. எலக்ட்ரீஷியன் கூலி பாயிண்ட்டுக்கு 350ன்னா 21,000. பைப்பு பதிக்க சுவத்துல காடி வெட்டி பூசுற கொத்தனார் வேலை 15,000. கூட்டுனா 1,19,000 வருது. பெயிண்ட் இதுல இல்ல, ஃபேன் லைட்டும் இல்ல.

இப்போ உங்க ரெண்டு கொட்டேஷனையும் இத பக்கத்துல வச்சு பாருங்க. 78,000காரரு அனேகமா எர்த், கொத்தனார், ஆர்.சி.சி.பி. மூணையும் விட்டிருப்பாரு, கேட்டா "அதெல்லாம் தனி"ம்பாரு. 1,65,000காரரு ஒருவேளை உசந்த மாடல் சுவிட்சும் எல்.இ.டி. லைட்டும் சேர்த்து சொல்லியிருப்பாரு. ரெண்டு பேரையும் உக்கார வச்சு எத்தன பாயிண்ட், எந்த கம்பெனி வயர், எந்த சைஸ் எங்க போகுது, காடி பூசுறது யாரு, பழைய வயர் யாருக்குன்னு எழுதச் சொல்லுங்க. பழைய செம்பு வயருக்கு ஆக்கர் கடையில நல்ல விலை உண்டு, அது உங்க காசு, பேச்சுவாக்குல போயிடக் கூடாது.

செலவு குறையணும்னா குறைக்க வேண்டிய எடம் சுவிட்ச் பிளேட்டு. ஒரு பிளேட்டுக்கு 600 ரூபா குடுத்துட்டு உள்ள 1 எம்.எம். வயர்ல ஏசி ஓட்டுற வீடுகள நான் நிறைய பார்த்திருக்கேன், பார்க்க பளபளன்னு இருக்கும். பிளேட்ட அஞ்சு வருஷம் கழிச்சு ஸ்க்ரூ டிரைவர் வச்சு அஞ்சு நிமிஷத்துல மாத்திக்கலாம், சுவத்துக்குள்ள போன வயர அப்படி மாத்த முடியாது. பெரிய மிச்சம் இன்னொண்ணு இருக்கு. உங்க வீட்டுல பழைய பைப்பு சுவத்துக்குள்ள இருந்தா, அது அடைக்காம இருந்தா, பழைய வயர் நுனியிலயே புது வயர கட்டி இழுத்துடலாம். காடி வெட்டவே வேணாம், கொத்தனார் காசும் பெயிண்ட் காசும் பாதிக்கு மேல மிச்சம். எல்லா ரூம்லயும் வராது, ஏசி லைனுக்கு எப்படியும் புதுசா வெட்டணும், ஆனா லைட்டு ஃபேன் லைன்ல நிறைய வரும். "எல்லாத்தையும் ஒடச்சாதான் ஆகும்"னு முதல் நாளே சொல்றவருகிட்ட, ஒரு பாயிண்ட்ல இழுத்துப் பாத்துட்டு சொல்லுங்கன்னு கேளுங்க.

கேள்வி (வாசகர், ஈரோடு): போன மாசம்தான் ரீவயரிங் முடிச்சோம்ங்க. புது ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்துட்டே இருக்குதுங்க. ராத்திரி ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகி பால் கெட்டுப் போகுது. எலக்ட்ரீஷியன், "அது ரொம்ப சென்சிட்டிவ் சார், எடுத்துட்டு நேரா குடுத்துடறேன்"ங்கறாருங்க. எடுத்துடலாமுங்களா?

பதில்: எடுக்கவே கூடாதுங்க. அது விழுதுன்னா அது வேலைய அது பாக்குதுன்னு அர்த்தம். எம்.சி.பி. வயர காப்பாத்தும், ஆர்.சி.சி.பி. ஆள காப்பாத்தும். உங்கள ஒரு ஷாக் அடிச்சா அதுல போற கரன்ட் எம்.சி.பி.க்கு கொசுக்கடி, அது அசையாது. ஃபேஸ்ல போன கரன்ட் அவ்வளவும் நியூட்ரல்ல திரும்பி வருதான்னு ஆர்.சி.சி.பி. பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வந்தா கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். தமிழ்நாட்டுல இ.பி.காரங்களே இத வைக்கச் சொல்லிட்டிருக்காங்க, அத போய் கழட்டச் சொல்ற எலக்ட்ரீஷியன என்ன சொல்றதுன்னு தெரியல.

புது வயரிங்ல இது விழறதுக்கு வழக்கமா காரணம் நியூட்ரல் கலப்புதான். ஒரு ரூம் லைட்டுக்கு ஃபேஸ் ஒரு லைன்லருந்து வந்திருக்கும், நியூட்ரல் பக்கத்து போர்டுல கிட்டக்க இருந்ததேன்னு, அந்த ஆர்.சி.சி.பி. வழியா போகாத வேற லைன்ல மாட்டியிருப்பாங்க. போன கரன்ட் வேற வழியில திரும்புது, ஆர்.சி.சி.பி.க்கு லீக்கேஜ் மாதிரி தெரியுது. உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கான்னு நீங்க எழுதல, இருந்தா முதல் சந்தேகம் அங்கதான். இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரலும் நேர் லைனோட நியூட்ரலும் எங்கயாவது ஒரு போர்டுல ஒண்ணா சேர்ந்திருந்தா, நாள் முழுக்க இதே தொல்லைதான்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல, பொறுமை வேணும். எல்லா பிளக்கையும் புடுங்கிட்டு, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிட்டு, ஆர்.சி.சி.பி.ய தூக்குங்க. நின்னா, எம்.சி.பி.ய ஒவ்வொண்ணா தூக்கிட்டே வாங்க, எத தூக்குனா விழுதோ அந்த லைன். எதுவுமே மாட்டாம விழுந்தா வயர்ல கோளாறு, பொருள மாட்டுனா விழுந்தா அந்தப் பொருள்ல கோளாறு. கீசர் காயில், பழைய ஃப்ரிட்ஜ், தண்ணி பூந்த வெளி லைட்டு, மோட்டார், இதுங்கதான் அடிக்கடி மாட்டும். எத தூக்குனாலும் நிக்குது, எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுதுன்னா, கம்ப்யூட்டர், எல்.இ.டி., வாஷிங் மெஷின்னு ஒவ்வொண்ணுலயும் துளித்துளியா கசியறது மொத்தமா சேர்ந்து விழுகுது. அதுக்கு வழி, வீடு பூராவுக்கும் ஒண்ணுன்னு வைக்காம ரெண்டு மூணா பிரிச்சு வைக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு தனியா ஒண்ணு வச்சா பாலும் தப்பிச்சுது. புதுசா வாங்கறப்போ ஏ டைப்னு கேட்டு வாங்குங்க, இன்வெர்ட்டர் ஏசி மாதிரி எலக்ட்ரானிக் சாமான் இருக்குற வீட்டுக்கு அதுதான் சரி.

கேள்வி (வாசகர், திருப்பூர்): ஏசி போட்டா எம்.சி.பி. விழுதுன்னு எலக்ட்ரீஷியன் 16 ஆம்ப்ஸ எடுத்துட்டு 32 போட்டுட்டாரு. இப்ப விழறதே இல்ல. பிரச்சனை தீர்ந்துச்சுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: தீரல தம்பி, ஒளிஞ்சுக்கிச்சு. எம்.சி.பி. சைஸ வயர் சைஸ பாத்துதான் வைக்கணும். உங்க லைன் 1.5 வயர்னா அது பைப்புக்குள்ள பதினஞ்சு ஆம்ப்ஸ் பக்கம்தான் தாங்கும், இப்போ அதுல 25 போனாலும் உங்க 32 சும்மா பாத்துட்டிருக்கும், சுவத்துக்குள்ள வயர் வேகும். பழைய காலத்துல ஃபியூஸ் போனா ஃபியூஸ் வயருக்கு பதிலா செம்புக் கம்பி முறுக்கி வைப்பாங்களே, அதே வேலைய கொஞ்சம் நாகரிகமா பண்ணியிருக்காரு. இன்னிக்கே 16 ஆ மாத்திட்டு, ஏசிக்கு டிபிலருந்து தனியா ஒரு லைன் இழுங்க.

கேள்வி (வாசகர், மதுரை): ஒன்றரை டன் ஏசிக்கு 2.5 வயரே போதும், 4 வேஸ்ட்டுன்னு கடைக்காரரு சொல்றாரு. எலக்ட்ரீஷியன் 4 கேக்குறாரு. எஃப்.ஆர்.னு ஒண்ணு, எஃப்.ஆர்.எல்.எஸ்.னு ஒண்ணு, எத வாங்க? டூப்ளிகேட் வருதாமே?

பதில்: கடைக்காரரு சொல்றது கணக்குப்படி தப்பில்ல, 2.5 தாங்கும். டிபிக்கும் ஏசிக்கும் தூரம் கம்மின்னா 2.5 போடலாம். மாடி ரூமுக்கு சுத்தி சுத்தி போகுது, நாளைக்கு ரெண்டு டன் ஆக்குவோம்னா 4 போடுங்க. காயிலுக்கு ரெண்டாயிரம் சொச்சம் வித்தியாசம் வரும், அவ்ளோதான்.

எஃப்.ஆர்.னா தீ சீக்கிரம் பரவாது. எஃப்.ஆர்.எல்.எஸ்.னா அதோட சேர்த்து புகை கம்மியா வரும். தீ விபத்துல நிறைய பேரு போறது சூட்டால இல்ல, புகையால. ஃபிளாட்டு, உள்ளடங்குன ரூம் இருக்குற வீடுன்னா எஃப்.ஆர்.எல்.எஸ். வாங்குங்க.

டூப்ளிகேட் தாராளமா வருது. வயர் மேலயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல்.னு லைசென்ஸ் நம்பரும் இருக்கும், போன்ல பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அந்த நம்பர போட்டா எந்த கம்பெனிக்கு குடுத்ததுன்னு காட்டிடும். கம்பெனி பேரும் ஆப்ல வர்ற பேரும் ஒண்ணா இல்லன்னா கீழ வச்சுட்டு வந்துடுங்க. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் பண்றேன்னு பில்லில்லாம குடுக்குறவருகிட்ட வாங்காதீங்க, நாளைக்கு அந்த வயர் யாரு குடுத்ததுன்னு சொல்ல ஆளிருக்காது.

கேள்வி (வாசகி, சென்னை): வாடகை வீட்டுல இருக்கோம். பாத்ரூம் குழாய தொட்டா லேசா சுர்ருங்குது. ஹவுஸ் ஓனர் "பழைய வீடுன்னா அப்படித்தாம்மா, செருப்பு போட்டுக்கோங்க"ன்னுட்டாரு. என்ன பண்றது?

பதில்: அம்மா, இத படிச்ச உடனே போய் கீசர் பிளக்க புடுங்குங்க. சுவிட்ச ஆஃப் பண்ணா மட்டும் போதாது, பழைய வீட்டுல சுவிட்ச் நியூட்ரல்ல இருந்தாலும் இருக்கும், அப்போ ஆஃப் பண்ணாலும் உள்ள கரன்ட் இருக்கும். புடுங்கினதும் சுர்ருங்கறது நின்னா கீசர் காயில் லீக்கு, எர்த்தும் இல்ல, ரெண்டும் சேர்ந்தாதான் குழாய்ல வரும். நிக்கலன்னா மோட்டார், இல்லன்னா பக்கத்து போர்ஷன்லருந்து வருது, அத சரி பண்ற வரைக்கும் அந்த குழாய யாரும் தொடாதீங்க, குழந்தைங்கள குளிக்க விடாதீங்க.

செருப்பு போட்டுக்கோங்கன்னு சொல்ற ஓனருகிட்ட வாயால பேசுனா வேலைக்காகாது, வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, தேதியோட இருக்கட்டும். பதில் வரலன்னா ஓனர்கிட்ட சொல்லிட்டு டிபில ஒரு ஆர்.சி.சி.பி. மட்டும் உங்க செலவுல மாட்டுங்க, ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆகும், காலி பண்றப்போ கழட்டிக்கலாம். வாடகைக் காரங்க எதுக்கு செலவு பண்ணணும்னு கோவம் வரும், நியாயமான கோவம்தான், ஆனா இதுல உசுரு உங்களோடது.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவரு. அந்த காலத்து மரப்பட்டை மேல கிளிப் அடிச்ச வயரிங். சுவர வெட்டுனா பொலபொலன்னு கொட்டுது. சுவத்துக்குள்ள புதைக்கிற கன்சீல்டு வயரிங் பண்ணியே ஆகணுமா?

பதில்: எதுக்கு? சுண்ணாம்புச் சுவத்த வெட்டுனா நீங்க ரெண்டு அங்குலம் வெட்ட நெனச்சா அது எட்டு அங்குலம் கொட்டும், சிமென்ட் வச்சு அடைச்சா அந்த பேட்ச் தனியா விட்டு வரும். மரப்பட்டைய எடுத்துட்டு மேலயே பி.வி.சி. பைப்போ, மூடி போட்ட பட்டையான கேசிங் கேப்பிங்கோ ஓட்டிடுங்க. பாக்க கொஞ்சம் மட்டா இருக்கும், ஆனா எங்க என்ன போகுதுன்னு கண்ணு முன்னாடி தெரியும், கெட்டா மூடிய திறந்து பாத்துக்கலாம், எனக்கு கேட்டா உங்க ஊர் மழைக்கும் ஈரச் சுவத்துக்கும் இதுதான் கன்சீல்டைவிட உசத்தி. செலவும் கம்மி.

ஒண்ணே ஒண்ணு, ஓட்டுக்கு கீழ மரச்சட்டம் ஓரமா போற வயர பைப்புக்குள்ள விடாம போடாதீங்க. எலி கடிக்கும், ஓடு ஒழுகும், காஞ்ச மரம் வேற.

இந்த எடத்துலயே கன்சீல்டு பண்றவங்களுக்கும் ஒரு வார்த்த. நாலரை இன்ச் சுவத்துல படுக்கவாட்டுல நீளமா காடி வெட்ட விடாதீங்க, சுவரோட பலமே போயிடும், மேலருந்து கீழ நேரா இறக்கச் சொல்லுங்க. தூண், பீம் பக்கம் கட்டிங் மெஷினே போகக் கூடாது. கம்பி தெரியிற அளவுக்கு வெட்டிட்டு "பூசிடலாம் சார்"ம்பாங்க. பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் டேப் புடிச்சு அளவு தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கிறப்போ அது எவ்ளோ பெரிய சொத்துன்னு தெரியும்.

கேள்வி (வாசகர், திருச்சி): வயரிங் மாத்த இ.பி. ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணுமா? ரெண்டு ஏசி போடப் போறோம், இப்போ சிங்கிள் ஃபேஸ்.

பதில்: மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்களுது, அந்தப் பக்கம் இ.பி.யோடது. உள்ள வயர் மாத்துறதுக்கு பர்மிஷன் எதுவும் வேணாம். மீட்டர் சீல்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, உங்க எலக்ட்ரீஷியன் எவ்ளோ பழக்கமான ஆளா இருந்தாலும் சரி. மீட்டர எடம் மாத்தணும், சர்வீஸ் வயர் மாத்தணும்னா எழுதிக் குடுத்து அவங்கதான் செய்யணும்.

ஆனா உங்க கேஸ்ல வேற விஷயம் இருக்கு. சிங்கிள் ஃபேஸ் 4 கிலோவாட் வரைக்கும்தான். ரெண்டு ஏசி, ஒரு கீசர், ஒரு மோட்டார்னாலே தாண்டிடுவீங்க. உங்க கனெக்‌ஷனுக்கு எவ்ளோ லோடு வாங்கியிருக்குன்னு பாருங்க, கூடுதல் லோடும் த்ரீ ஃபேஸும் ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். சந்தேகம்னா இ.பி.யோட உதவி மையம் மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணுங்க. த்ரீ ஃபேஸ் வரும்னு தெரிஞ்சா இப்பவே டிபிய அதுக்கு தகுந்ததா வாங்குங்க, ரெண்டு ஏசியையும் ஒரே ஃபேஸ்ல மாட்ட விடாதீங்க. மெயின் நியூட்ரல் கனெக்‌ஷன ரொம்ப கெட்டியா முறுக்கச் சொல்லுங்க. த்ரீ ஃபேஸ்ல நியூட்ரல் மட்டும் விட்டுப்போச்சுன்னா 230 வர வேண்டிய எடத்துல 400 பக்கம் கூட ஏறும், டிவி ஃப்ரிட்ஜு எல்லாம் ஒரே நேரத்துல போற கதை இதுதான்.

கேள்வி (வாசகர், கோவில்பட்டி): யூடியூப் பாத்து நானே பண்ணலாம்னு இருக்கேன், கூலி மிச்சம்தானே?

பதில்: காடி வெட்டுங்க, பைப்பு புதைங்க, பழைய வயர உருவுங்க, நல்லா மிச்சமாகும். டிபி, எர்த், கனெக்‌ஷன் மூணும் வயர்மேன் லைசென்ஸ் இருக்குற ஆளு பண்ணட்டும். லைசென்ஸ் குடுக்குறது தமிழ்நாடு மின் உரிம வாரியம், ஆள்கிட்ட கார்டு இருக்கும், காட்டச் சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி (வாசகி, கோவை): வீட்ட காலி பண்ண முடியாதுங்க, கைக்குழந்தையும் படுத்த படுக்கையா மாமியாரும் இருக்காங்க. குடியிருந்துக்கிட்டே பண்ண முடியுங்களா?

பதில்: முடியுமுங்க, ஆனா நாளும் கூலியும் கொஞ்சம் கூடும், முதல்லயே அத ஒத்துக்கிட்டு பேசுங்க. முதல் நாளே புது டிபியும் எர்த்தும் முடிச்சுட்டு, அதுலருந்து தற்காலிகமா ஒரு லைன் மாமியார் ரூமுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இழுத்துடணும், ஆர்.சி.சி.பி. வழியா. அதுக்கப்புறம் ஒரு ரூம காலி பண்ணி, பைப்பு வச்சு, பூசி, கதவ சாத்திட்டு அடுத்த ரூம். பூச்சு காயறதுக்குள்ள வயர இழுக்க விடாதீங்க, பைப்புக்குள்ள தண்ணி நிக்கும். வெட்டுறதுதான் பெரிய கொடுமை, தூசி வீடு பூரா போகும், அத மட்டும் ரூம் ரூமா பண்ணாம, எல்லா ரூம் வெட்டுற வேலையையும் முன்னாடியே சேர்த்து ஒரு ரெண்டு நாள்ல முடிக்கச் சொல்லிட்டு அந்த ரெண்டு நாள் மட்டும் குழந்தையையும் மாமியாரையும் சொந்தக்காரங்க வீட்டுல விட முடிஞ்சா விட்டுடுங்க. ஏசி எங்க, வாஷிங் மெஷின் எங்க, கட்டில் தலமாடு எந்தப் பக்கம்னு எல்லாத்தையும் வெட்டுறதுக்கு முன்னாடி சுவத்துல சாக்பீஸ்ல குறிச்சுடுங்க. பூசுனதுக்கப்புறம் "இங்க ஒரு பிளக் வேணுமே"ன்னு தோணும் பாருங்க, அந்த ஒரு பிளக்குக்கு மூணு பிளக் காசு ஆகும்.

கேள்வி (வாசகர், வேலூர்): வேலை முடிஞ்சுடுச்சு, எல்லா லைட்டும் எரியுது, ஃபேனும் ஓடுது. மீதி 15,000 கேக்குறாரு. குடுத்துடலாமா, வேற ஏதாவது பாக்கணுமா?

பதில்: லைட்டு எரியறதுக்கு எர்த் தேவையில்ல சார், அதனால லைட்டு எரியுதுங்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவரு இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

டிபில ஒவ்வொரு எம்.சி.பி.யா இறக்கி எது எது அணையுதுன்னு பாத்து அங்கேயே எழுதி ஒட்டச் சொல்லுங்க. ரூம் ஒண்ண இறக்குனா கிச்சன் லைட்டும் சேர்ந்து அணைஞ்சா ஏன்னு கேளுங்க. ஒவ்வொரு பிளக்கையும் மீட்டர் வச்சு பாக்கட்டும், நேரா நின்னு பாத்தா பெரிய ஓட்டை எர்த் மேல, ஃபேஸ் வலது கை பக்கம், நியூட்ரல் இடது பக்கம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 காட்டுனா ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டணும். காட்டலன்னா எர்த் வயர் வரல. ரெண்டு மூணு பிளக்க கழட்டியும் பாருங்க, சில பேரு எர்த் இழுக்க சோம்பேறிப்பட்டு நியூட்ரல்லருந்தே எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுடுவாங்க, மீட்டர்ல எல்லாம் சரியாவே காட்டும். ஒரு நாள் நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா ஃப்ரிட்ஜ் பாடி பூரா 230 வோல்ட் நிக்கும். அப்படி ஒரு துண்டு கண்ணுல பட்டா எல்லா பிளக்கையும் கழட்டிக் காட்டச் சொல்லுங்க.

ஆர்.சி.சி.பி.ல "T"ன்னு எழுதுன ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்குனா விழணும். அதுக்கப்புறம் நூறு வாட்ஸ் குண்டு பல்ப ஒரு பிளக்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல அவரையே மாட்டிக் காட்டச் சொல்லுங்க, எரியக் கூடாது, உடனே விழணும். பல்பு நல்லா எரிஞ்சா ஆர்.சி.சி.பி. வேலை செய்யல, இல்லன்னா அந்த பிளக்ல நியூட்ரல்லருந்தே எர்த் எடுத்திருக்காங்க. எரியவும் இல்ல, விழவும் இல்லன்னா எர்த் இல்ல. கடைசியா ஏசி, கீசர், இண்டக்‌ஷன் மூணையும் ஒண்ணா அரை மணி நேரம் ஓடவிட்டு, அந்தந்த சுவிட்ச் போர்ட புறங்கையால தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பு பரவால்ல, சுட்டா உள்ள ஸ்க்ரூ லூஸ். முறுக்கச் சொல்லிட்டு, எந்த பைப்பு எங்க போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வாங்கிட்டு, அப்புறம் அந்த 15,000ஐ குடுங்க.